பொது அறிவியற் பாடத்தை மீள நோக்கும் முறை

(சங்கத்து மாணவர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பொதுத்தேர்வு அணுகுகின்ற இக்காலத்தே, பத்தாம் வகுப்பிற் பயிலும் நம் பிள்ளைகள் அறிவியற் பாடத்தை மீள நோக்கும் முறைபற்றிச் சில கூறுமாறு சங்கத்தார் பணித்தனர். யானோ தமிழ் கற்பிப்பவன். எனினும், சொல்லின் பொருளை ஐயமற உணர்தலே எக்கல்விக்கும் முதற்படியாதலின், அவ்வழி நின்று பேசத் துணிந்தேன்.

நம் மாணவர் பலர் விடைகளை இரவு பகலாக உருப்போடுகின்றனர். வினாவைச் சற்றே மாற்றிக் கேட்பின் திகைக்கின்றனர். இதற்குக் காரணம் உழைப்பின்மையன்று. சொல்லை அறிந்து பொருளை அறியாமையேயாம்.

முதலாவது, ஒன்றுபோலத் தோன்றும் சொற்களை இணையிணையாக வைத்துப் பிரித்தறிதல் வேண்டும். நிறையென்பது ஒரு பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவு; எடையென்பது அதன்மேற் செயற்படும் ஈர்ப்புவிசை. 60 கிலோகிராம் நிறையுடைய ஒருவன் சந்திரனிற் சென்று நிற்பினும் அவன் நிறை மாறாது. ஆயின், இங்கே ஏறக்குறைய 588 நியூட்டனாகவுள்ள அவன் எடை ஆங்கே ஆறிலொரு பங்காகக் குறையும். வெப்பமும் வெப்பநிலையும் அவ்வாறே வேறு. மத்தாப்புப் பொறியின் வெப்பநிலை கொதிநீரினும் பன்மடங்கு மிகுதி. எனினும் சிறு பொறியாதலின் அதிலுள்ள வெப்பம் ஒரு குடங் கொதிநீரிலுள்ளதனினும் மிகக் குறைவு.

இரண்டாவது, காரணத்தைப் பற்றிக்கொள்ளல் வேண்டும். மட்பானையின் நுண்டுளைகளிற் கசியும் நீர் ஆவியாகுங்கால், தனக்கு வேண்டிய வெப்பத்தை உள்ளிருக்கும் நீரினின்று கவர்கின்றது. அதனால் அந்நீர் குளிர்கின்றது. இதனை உணர்ந்தவன், மழைக்காலத்தில் பானைநீர் அத்துணைக் குளிராமை ஏன் என வினவினும் மயங்கான். காற்றில் ஈரம் மிகுந்தபோது ஆவியாதல் மந்தப்படும் என்று விடையிறுப்பான். செப்புக்குடத்தைப் புளியிட்டுத் துலக்குந் தாய்மார்கள், களிம்பைக் கரைக்கும் அமிலத்தின் செயலையே காண்கின்றனர். புளியிலுள்ளது டார்டாரிக் அமிலம். இவ்வாறு பாடத்தை வீட்டிலேயே கண்டறிந்தவர்க்கு மறதி எளிதில் வாராது.

மூன்றாவது, பெற்றோர் கடமை. "யாம் படித்தறியோம், எங்ஙனம் உதவுவோம்?" என்று சிலர் வருந்துகின்றனர். வருந்தற்க. புத்தகத்தை மூடச்செய்து, "பானைநீர் ஏன் குளிர்கிறது?" என்று கேளுங்கள். உங்களுக்கு விளங்குமாறு பிள்ளை கூறினால் அவன் கற்றான் என்க. விளங்காவிடின் குறை உங்களுடையதன்று. அப்பகுதியை அவன் மீண்டும் படித்தல் வேண்டும் என்பதற்கு அதுவே அடையாளம். அன்று தவறியதை மறுநாளும், ஒரு வாரங் கழித்தும் கேட்டல் நன்று.

இன்னுமொன்று கூறக் கடமைப்பட்டுள்ளேன். தேர்வு நெருங்கும்போதும் ஆண்பிள்ளையைப் புத்தகத்தின்முன் இருத்திப் பெண்பிள்ளையை அடுக்களைக்கு ஏவும் வழக்கம் நம் குடும்பங்கள் சிலவற்றில் இன்னும் உளது. இருவர்க்கும் வினாத்தாள் ஒன்றே. படிக்குங் காலம் மட்டும் வேறாதல் நீதியாமோ? இவ்வழக்கத்தை இவ்வாண்டே ஒழித்தல் வேண்டும்.

மாணவச் செல்வங்காள்! பொருளுணர்ந்து படியுங்கள், அச்சம் தானே அகலும்.