தலைமை: மகத் சொல்லும் கணக்கு

(மாணவர் பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே,

நல்ல தலைவருக்கு என்னென்ன தகுதி வேணும்னு பேசச் சொல்லியிருக்கீங்க. துணிச்சல், பேச்சாற்றல், தியாகம்னு ஒரு பட்டியல் வாசிச்சிட்டு நான் இறங்கிடலாம். ஆனால் அடி விழுந்தால் திருப்பிக் கேட்க ஆளில்லாத சேரியிலிருந்து வருகிற தலைமையை அந்தப் பட்டியலால் அளக்க முடியாது. அதனால் மகத் போராட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பொதுக் குளங்களைத் தீண்டப்படாதவர்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்று 1923இல் பம்பாய் சட்டசபை தீர்மானம் போட்டது. 1924இல் மகத் நகராட்சியும் அதை ஏற்றுத் தீர்மானம் போட்டது. காகிதத்தில் குளம் திறந்தாச்சு. ஆனால் நம்ம சனம் சவுதார் குளத்தில் ஒரு கை தண்ணி அள்ள முடியல.

அங்கே மாநாடு நடத்தணும்னு ஓடியாடியவர் ஆர்.பி. மோரே. அப்போது இருபதுகளில் இருந்த இளைஞர், கிட்டத்தட்ட உங்க வயசு. மோரே மாதிரி ஆட்கள் ஊர் ஊராகப் போய்ச் சனங்களைத் திரட்டியதால்தான் அம்பேத்கர் அங்கே தலைமை தாங்க முடிந்தது. தலைவர் வானத்திலிருந்து குதிக்கிறதில்ல.

1927 மார்ச் 20. ஊர்வலமாகப் போய்க் குளத்தில் தண்ணீர் குடித்தார்கள். கோயிலுக்குள்ளும் நுழையப் போகிறார்கள் என்று புரளி கிளம்பியது. சாதி இந்துக்கள் தடியோடு வந்து தாக்கினார்கள். நம் பக்கத்தில் பட்டாளத்தில் இருந்து வந்த மகர்கள் பலர் இருந்தார்கள். அம்பேத்கர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மகத் ரத்தக்களம் ஆகியிருக்கும். அவர் சொல்லவில்லை. மாநாட்டில் ஆயிரக்கணக்கில் இருக்கிறவன், மறுநாள் தன் ஊரில் நாலு குடிசைக்காரன். பழி அங்கேதான் தீர்க்கப்படும். இதை அவர் கணக்கில் வைத்திருந்தார் என்றே நினைக்கிறேன். தாக்கியவர்கள் மேல் வழக்கு நடந்தது, சிலர் சிறைக்குப் போனார்கள். இரண்டே வாரத்தில், ஏப்ரல் 3 அன்று, 'பகிஷ்கிருத் பாரத்' பத்திரிகை வந்தது. நடந்ததை நாமே எழுதாவிட்டால் அடித்தவன் எழுதுவான்.

டிசம்பரில் இரண்டாவது மாநாடு. இந்த முறை குளத்துக்குப் போகக் கூடாது என்று எதிரிகள் கோர்ட்டில் தடை வாங்கிவிட்டார்கள். 25ஆம் தேதி மனுஸ்மிருதி கொளுத்தப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் சிறைக்குப் போகத் தயார்னு பேர் கொடுத்துட்டாங்க. அந்தக் கூட்டத்தின் முன்னால்தான் அம்பேத்கர் எழுந்து, போராட்டத்தைத் தள்ளிவைப்போம் என்றார். சாதி இந்துக்களோடும் சர்க்காரோடும் ஒரே நேரத்தில் மோத வேண்டாம் என்று காரணம் சொன்னார். வந்தவர்களுக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் ஏற்றுக்கொண்டார்கள். ஊர்வலம் குளத்தைச் சுற்றிவிட்டுத் திரும்பியது.

பயந்துட்டாருன்னு சொல்லலாமா? மனுஸ்மிருதியை எரித்த மாநாடு அது! கைதட்டு வாங்குவது சுலபம். கைதட்டத் தயாராக இருக்கிற கூட்டத்திடம் "இன்னைக்கு வேண்டாம்" என்று சொல்லி, காரணத்தையும் சொல்லி, அவர்கள் முகத்தை நேராகப் பார்ப்பதுதான் கஷ்டம். அதற்கு முன்பே நம்பிக்கையைச் சம்பாதித்திருக்க வேண்டும்.

தள்ளிவைத்தவர் மறந்துவிடவில்லை. வழக்கு கோர்ட் கோர்ட்டாகப் பத்து வருஷம் நடந்தது. 1937 மார்ச் 17இல் பம்பாய் உயர்நீதிமன்றம் நமக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. தீண்டப்படாதவர்களை விலக்கிவைப்பது தொன்றுதொட்டு வந்த வழக்கம் என்பதை எதிரிகளால் நிரூபிக்க முடியவில்லை. பத்து வருஷம் ஒரு கேஸ் கட்டைக் கீழே போடாமல் தூக்கிச் சுமப்பதை யாரும் போஸ்டரில் போடுவதில்லை. ஆனால் தலைமை என்பது அதுதான்.

அதே டிசம்பர் மாநாட்டில் பெண்களைக் கூட்டித் தனியாகவும் பேசினார். தாழ்ந்த சாதி என்று அடையாளம் காட்டுகிற உடையை விடச் சொன்னார். பிள்ளைகளைப் படிக்க வைக்கச் சொன்னார். நம்ம மேடையில் இன்னைக்கு எத்தனை பெண்கள் உட்கார்ந்திருக்காங்கன்னு நீங்களே எண்ணிப் பாருங்க.

மகத்தை வைத்து நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். மறியல்னு அறிவிக்கிறோம். சுவரொட்டியில் தலைவர் படம் பெரிசா இருக்கு. தள்ளுமுள்ளு நடந்து முதல் தகவல் அறிக்கையில் ஏறுவது யார் பெயர்? காலேஜில் படிக்கிற பையன் பெயர், கூலிக்குப் போகிறவன் பெயர். அவனுக்கு ஜாமீன் எடுப்பது யார்? வாய்தாவுக்கு வர பஸ் செலவு யார் தருவது? நாளைக்கு அவன் அரசு வேலைக்குப் போகும்போது போலீஸ் விசாரணையில் இந்தக் கேஸ் வந்து நிற்கும். அப்போது கூட நிற்கிறது யார்? இதற்குப் பதில் இல்லாமல் ஆளைத் தெருவில் இறக்குகிறவன் தலைவன் இல்லை, ஆள் பிடிக்கிறவன்.

எனவே தோழர்களே, அடுத்த கூட்டத்துக்கு ஒரு நோட்டு கொண்டு வாருங்கள். உங்கள் ஊரில் யார் யார் மேல் என்ன கேஸ், எந்தக் கோர்ட், அடுத்த வாய்தா எப்போது என்று எழுதி வாருங்கள். அதை எழுதிவைத்து, வாய்தா அன்று கோர்ட் வாசலில் போய் நிற்கிறவர் யாரோ, அவரிடமிருந்து தலைமை ஆரம்பிக்கட்டும்.

ஜெய்பீம்!