கடிதம் வேறு, தீர்ப்பு வேறு
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



ஆரணியிற் பட்டுத் தறியின் ஒலி கேளாத தெரு அரிது. கையும் காலும் ஒருங்கியங்கினாலன்றி நெசவு நடவாது. அத்தகைய கைக்கு ஊறு நேரின் நம்மவர் "எல்லாம் விதி" என்று கூறி வாளா இருந்துவிடுகின்றனர். அது தகாது என்பதே இன்று நாம் கூறப் புகுந்தது.

நம் தெருவினர் ஒருவர், தறி ஓய்ந்த காலத்திற் பட்டு முறுக்கும் ஆலையொன்றிற் கூலிக்குச் சென்றார். இயந்திரத்தில் அகப்பட்டு வலக்கைப் பெருவிரலையும் சுட்டுவிரலையும் இழந்தார். நஷ்ட ஈடு வேண்டினார். "வேலையின்போது நேர்ந்ததற்குச் சான்றில்லை" என்று மறுத்துக் கடிதம் வந்தது. அதனை நம்மிடமே கொணர்ந்து படிக்கச் சொன்னார். நாமும் படித்து, "மேலிடத்தார் முடிவு கூறிவிட்டனர், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை" என்றோம். அவர் அதனை மடித்துப் பஞ்சாங்கத்தினுள் வைத்துவிட்டார். கடிதம் வேறு, தீர்ப்பு வேறு என்பதை எழுத்தறிந்த நாமே அன்று அறிந்திலோம்.

ஒரிசா மாகாணத்து ஜெய்ப்பூரில், 1968-ஆம் ஆண்டு சினிமாக் கொட்டகையொன்றில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் ஒருவர் கீழே வீழ்ந்தார். இடக்கை முழங்கைக்கு மேலே துணிக்கப்பட்டது. ஒரு கைதானே போயிற்று, ஆதலின் இது பகுதி ஊனமே என்று முதலாளி வாதித்தார். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டப்படி விசாரித்த ஆணையர் அதனை ஏற்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தச்சு வேலை ஒரு கையால் இயலாது, ஆதலின் அவருக்கு நேர்ந்தது முழு ஊனமே என்று 1975-ஆம் ஆண்டு அம்மன்றம் தீர்த்தது. ஊனத்தை உடம்பைக் கொண்டு மட்டும் அளவாது, செய்தொழிலைக் கொண்டும் அளந்தமை காண்க. பெருவிரலும் சுட்டுவிரலும் இழந்தவன் இழை முடிவது எங்ஙனம் என்று நாமும் கேட்கலாமன்றோ?

1948-ஆம் ஆண்டு ஈட்டுறுதிச் சட்டமும், மருத்துவக் குழுவின் முடிவை ஒப்பாதவர் மேல்முறையீட்டு மன்றத்துக்கோ, தொழிலாளர் ஈட்டுறுதி நீதிமன்றத்துக்கோ செல்ல வழிவகுத்தது. இப்பொழுது 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்துள்ளமையின், காலவரம்பை வக்கீலிடம் உடனே வினவித் தெளிக. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊனமுற்றோர்க்குச் சட்ட உதவி இலவசம். சட்டப் பணிகள் குழுவை அணுகுக.

மருத்துவமனைச் சீட்டு, கூலிக் கணக்கு, மறுப்புக் கடிதம், அது வந்த உறை, உடன் வேலை செய்தோர் வாக்குமூலம் ஆகிய இவற்றைப் போற்றி வைத்தல் வேண்டும்.

பழைய சட்டம் மனுச் செய்ய இரண்டாண்டே வரையறுத்தது. ஆயினும் தக்க காரணம் காட்டினால் தாமதத்தைப் பொறுக்கவும் இடமளித்தது. சென்ற மாதம் நாமே அவரில்லம் சென்று பஞ்சாங்கத்திலிருந்து அக்கடிதத்தை எடுப்பித்து, வக்கீலிடம் அழைத்துச் சென்றோம். தாமதத்திற்குக் காரணம் யாதென வக்கீல் வினவினார். "எமது அறியாமையே" என்று எழுதிக் கையொப்பமிட்டோம். முடிவு எவ்வாறாயினும் ஆகுக. இனி இச்சங்கத்தில் ஒருவர் கடிதமேனும் படிப்பாரின்றியும், பிழைபடப் படிக்கப்பட்டும் கிடத்தலாகாது.