செய்து காட்டலே சான்று



அகவை முதிர்ந்தோர் கணினி கற்க முன்வரும்போது அவர்களைப் பெரிதும் அஞ்சச் செய்வது கருவியன்று. தேர்வு என்னும் சொல்லே. பள்ளிப் பருவத்தில் பட்ட கூச்சம் அறுபதிலும் அகல்வதில்லை. அவ்வச்சத்தைப் போக்க வழிகண்ட ஊர் ஒன்று உண்டு.

கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் உள்ளது புல்லம்பாறை ஊராட்சி. அங்கே நூறு நாள் வேலைத் திட்டத் தொழிலாளர், தம் கூலி கணக்கில் ஏறிற்றா என அறிவதற்கே வங்கி வாயிலில் வரிசையில் நின்றனர். நின்ற நேரம் உழைப்புக்கு இழப்பு. கைப்பேசியும் ஒரு சிறு கணினியே; அச்செய்தியை அது நொடியில் சொல்லும். கேட்கும் முறைதான் அவர்களுக்குத் தெரியவில்லை.

2021இல் ஊராட்சி கற்பித்தலைத் தொடங்கியது. கற்போரை வகுப்பறைக்கு அழைப்பதோடு அமையாமல், தன்னார்வலர் வேலைத்தளத்திற்கும் குடும்பஸ்ரீ கூட்டங்களுக்கும் வீடுகளுக்கும் தேடிச் சென்றனர். பாடம் மூன்று பகுதிகளாகவும் 15 செயல்களாகவும் வகுக்கப்பட்டது. கணினியின் இலக்கணத்தை ஒப்புவிக்க எவரையும் கேட்கவில்லை. கற்றதைச் செய்து காட்டுவதே தேர்வாயிற்று. 2022 செப்டம்பரில், முழுமையான டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற கேரளத்தின் முதல் ஊராட்சியாக அது அறிவிக்கப்பட்டது.

நடுவண் அரசு 2017இல் தொடங்கிய ஊரக டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டம் 14 முதல் 60 அகவையினர்க்கே உரியதாயிருந்தது. கேரளம் தன் மாநிலம் தழுவிய முயற்சியில் முதியோர்க்கும் கதவைத் திறந்தது. பயிற்சி பெற்றோருள் தொண்ணூறு கடந்தவர் மட்டும் 15,223 பேர். 2025 ஆகஸ்டு 21இல் மாநிலம் முழுவதும் டிஜிட்டல் எழுத்தறிவு பெற்றதாக அறிவிப்பு வந்தது.

இக்கல்வி பொழுதுபோக்கன்று. ஓய்வூதியம், மருத்துவப் பதிவு, மின்கட்டணம் யாவும் திரைக்குள் புகுந்துவிட்ட காலம் இது. கடவு எண்ணைப் பிறரிடம் கூறி உதவி பெறுபவர், தம் பணத்தையும் அவர் கையில் ஒப்படைத்தவராகிறார். ஆதலின் இதில் காக்கப்படுவது பொருள் மட்டுமன்று, தன்மதிப்புமாகும்.

வீட்டிலுள்ள இளையோர் பலர், "கொடுங்கள் தாத்தா, நானே செய்துவிடுகிறேன்" என்று கருவியை வாங்கிக்கொள்வர். அன்பினால் செய்யினும் அது கற்பித்தலாகாது. முதியவரின் விரல் மும்முறை தவறட்டும்; அருகிலிருப்பவர் பொறுத்திருக்கட்டும். நான்காம் முறை அவ்விரல் தானே சரியான இடத்தைத் தொடுமாயின், அதனினும் உயர்ந்த சான்றிதழ் வேறில்லை.