மாங்கொட்டையைப் பூட்டி வைக்க முடியுமா?

சித்திரை, வைகாசி மாதங்களில் சிங்கப்பூர் தேக்கா சந்தைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், பங்கனப்பள்ளி, அல்போன்சா என்று இந்திய மாம்பழங்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். இந்தியாவில் ஏறத்தாழ 1000 மா ரகங்கள் உண்டு. கடைக்கு வருபவை சிலவே. இன்று நான் பேசப் போவதோ, அந்தப் பெட்டிகளில் வராத மாவைப் பற்றி.

தோட்டத்து லயங்களின் பின்புறம் குவினி மரத்தைப் பார்த்திருப்பீர்கள். பழத்தைக் கூடைக்குள் மூடி வைத்தாலும் வாசனை அடுத்த லயம் வரை போகும்! பச்சாங், பிஞ்சாய் ஆகியவையும் மாவின் உறவினர்களே. மா இனத்தில் ஏறத்தாழ 69 வகைகளை அறிஞர்கள் எண்ணியிருக்கிறார்கள். அவற்றுள் மிகுதியானவை மலேசியா, இந்தோனேசியா அடங்கிய நமது வட்டாரத்தைச் சேர்ந்தவை.

குவினி காட்டில் தானாக வளர்வதாகத் தெரியவில்லை. அப்படியானால் அது எங்கிருந்து வந்தது? மாவும் பச்சாங்கும் கலந்து பிறந்ததோ என்ற ஐயம் நெடுநாளாக இருந்தது. சிங்கப்பூர் ஆய்வாளர்கள் இம்மூன்று மரங்களின் மரபுப் பொருளையும் பிரித்தெடுத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள். முடிவு 2002-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஐயம் சரிதான், குவினியில் இரண்டின் அடையாளங்களும் இருந்தன. ஆனால் பச்சாங்கின் சாயலே அதிகம்.

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். பால்மரத்தை நினைத்துப் பாருங்கள். பிரேசிலிலிருந்து 1876-இல் எடுத்துச் சென்ற விதைகள் லண்டனில் முளைத்தன. 1877-இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்த கன்றுகள் 22. நம் பாட்டன் பூட்டன் பால் வெட்டிய மரங்களில் மிகப் பெரும்பாலானவை அந்தச் சிறு கூட்டத்தின் வழிவந்தவை. பிறகு, ஒரே தாய்மரத்தின் கண்ணை எடுத்து ஆயிரக்கணக்கில் ஒட்டுக் கட்டினோம். எல்லாம் ஒரே இரத்தம். தென்னமெரிக்காவில் தோட்டங்களை அழித்த இலைக்கருகல் நோய் இங்கே வந்தால் என்னாகும் என்று ரப்பர் ஆய்வாளர்கள் அஞ்சுவது இதனால்தான்.

மாவுக்கும் இந்தக் கவலை உண்டு. மழைக்காலத்தில் பூவையும் பிஞ்சையும் கருக்கி, பழத்தில் கரும்புள்ளி போடும் பூஞ்சை நோயை நீங்கள் அறிவீர்கள். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் அதைத் தாங்கும் மாவைத் தேடியவர்கள், நமது வட்டாரத்து உறவு மா ஒன்றைத்தான் நல்ல மாவோடு கலந்தார்கள். சிறிய பழம், சந்தையில் மதிப்பில்லை. நோயைத் தாங்கும் குணம் அதனிடம் இருந்தது.

சரி, எல்லா விதைகளையும் சேர்த்துக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிடலாமே? சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் 2019-இல் விதை வங்கியே திறந்திருக்கிறார்கள். நெல்லை அப்படி வைக்கலாம். மாங்கொட்டையை முடியாது, காய்ந்தால் செத்துவிடும், உறைந்தாலும் செத்துவிடும். ஆகவே மாவுக்கு வங்கி என்பது நிற்கிற மரம்தான். லயத்து வீடுகளை இடிக்கும்போது கொல்லையில் வெட்டிச் சாய்க்கிறார்களே, அதுவும் சேர்த்துத்தான்.

மரம் போவதற்கு முன் கன்று எடுக்க விரும்புகிறவர்களுக்குச் செய்முறை எளிது. கொட்டையைக் கழுவி, கெட்டியான மேலோட்டைக் கவனமாகப் பிளந்து, உள்பருப்பை ஈரம் காயுமுன் சில நாள்களுக்குள் ஊன்ற வேண்டும். குவினியில் ஒரே கொட்டையிலிருந்து இரண்டு மூன்று முளைகள் வரலாம். அவை பெரும்பாலும் தாய்மரத்தையே ஒத்திருக்கும். பங்கனப்பள்ளிக் கொட்டையில் ஒரே முளைதான். அது தாயைப் போல் காய்க்காது. அதற்கு ஒட்டுத்தான் கட்ட வேண்டும். அந்த வேலை பால்மரக் காட்டில் பழகிய கைகளுக்குப் புதிதல்ல.