டார்ட்மூர் மேட்டு நிலமும் அதன் ஆதிகுடிகளும்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பிரசங்கம்)



இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள டெவன் ஜில்லாவில் டார்ட்மூர் என்னும் மேட்டு நிலம் பரந்து கிடக்கிறது. மரங்கள் அரிதாய், புல்லும் புதரும் சேறும் மலிந்து, காற்றும் மழையும் மிகுந்த இடம் அது. அதன் உச்சி 621 மீட்டர் உயரமுள்ளது. காண்போர் அதனை மனிதர் கை படாத தரிசு என்றே எண்ணுவர். ஆனால் அது தரிசானதில் மனிதருக்கும் பங்குண்டு.

சுமார் 28 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் உருகிய பாறைக்குழம்பு மேலெழும்பி, தரைக்கு வெளியே வாராமல் உள்ளேயே மெல்ல ஆறி இறுகிற்று. அதுவே அங்குள்ள கிரானைட் கருங்கல். மேலே மூடியிருந்த பாறைகள் காலக்கிரமத்தில் தேய்ந்துபோக, கருங்கல் வெளிப்பட்டது. பின்னர் வந்த பனியுகத்தில், கல் வெடிப்புகளில் புகுந்த நீர் உறைந்து விரிந்து பாறைகளைப் பிளந்தது. பிளவுபட்டும் விழாமல், அடுக்கி வைத்தாற்போல் குன்றுகளின் உச்சியில் நிற்கும் பாறைகளை அவ்வூரார் 'டார்' என்பர். இக்கல்லிலிருந்து உண்டாகும் மண் இயல்பாகவே புளிப்பு மிக்கது, சத்துக் குறைந்தது.

பனியுகம் முடிந்தபின் அங்கே காடு வளர்ந்தது. வேடர்கள் அக்காட்டில் ஆங்காங்கே தீயிட்டனர் என்பதற்கு மண்ணடியில் கிடைக்கும் கரித்துகள்களே சான்று. அவர்களுக்குப் பின் வந்த உழவரும் மேய்ப்பரும் மேலும் மரங்களை அழித்தனர். வெண்கல யுகத்தில், அதாவது கி.மு. 2000-க்குப் பிற்பட்ட காலத்தில், குடியேற்றம் பெருகிற்று. அவர்கள் வட்டமாகக் கட்டிய கல்வீடுகளின் அடிச்சுவர்கள் ஆயிரக்கணக்கில் இன்றும் காணப்படுகின்றன. கிரிம்ஸ்பவுண்ட் என்னுமிடத்தில் ஒரே மதிலுக்குள் 24 வீடுகள் இருந்தன.

இவற்றினும் வியப்பானவை வரப்புகளே. கி.மு. 1500-ஐ ஒட்டி, 'ரீவ்' எனப்படும் தாழ்ந்த கற்சுவர்களால் நிலம் பங்கிடப்பட்டது. சில ரீவுகள் மேடு பள்ளம் பாராமல் பல மைல் தூரம் நேராகச் செல்கின்றன. 1970-களில் ஆண்ட்ரூ பிளெமிங் என்னும் ஆராய்ச்சியாளர் இவற்றை விரிவாக ஆராய்ந்தார். தனி ஒரு குடும்பம் இவ்வேலையைச் செய்திருக்க இயலாது. பலர் கூடி, அளவு வகுத்து, எல்லைக்கு இசைந்து உழைத்திருக்க வேண்டும்.

எனினும், கி.மு. 1000-ஐ ஒட்டி மேட்டின் பெரும்பகுதி கைவிடப்பட்டது. குளிரும் மழையும் அதிகரித்தன. மரம் இழந்த மண்ணிலிருந்து சத்து மழைநீரில் கரைந்தோடியது, புளிப்பு ஏறியது. நீர் தேங்கிய இடங்களில் செடிகள் மக்காமல் படிந்து 'பீட்' என்னும் கரிய மண்ணாயின. மூவாயிரம் ஆண்டுகள் கடந்தும் அங்கே பழைய வளம் திரும்பவில்லை.

எஞ்சிய மேய்ச்சலையேனும் காக்க, 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே பொது மேய்ச்சல் உரிமையாளர் சபை ஏற்பட்டது. கால்நடைகளின் எண்ணிக்கை முதலியவற்றுக்கு விதி செய்யும் அதிகாரம் அச்சபைக்கு உண்டு. எல்லையை வகுக்க ஒற்றுமை போதும். மண்ணைக் காக்க ஒற்றுமையோடு அளவும் வேண்டும். மந்தைவெளியுள்ள ஒவ்வோர் ஊரும் இதனை மனத்திற்கொள்ளுதல் நலம்.