சோடியத்துக்கு ஓர் இருப்பிடம்



நாம் உணவில் இடும் உப்பின் எடையில் நூற்றுக்கு 39 பங்கு சோடியம். கடலெங்கும் நிறைந்துள்ள இப்பொருளைக் கொண்டு மின்சாரத்தைச் சேமிக்க இயலுமாயின், பகற்பொழுதில் கதிரவன் தரும் ஆற்றலை இரவுக்கென எளிய செலவில் வைத்துக்கொள்ளலாம். அருமையாகக் கிடைக்கும் லிதியத்துக்கு மாற்றாகச் சோடிய அயனி மின்கலத்தை அறிவியலார் நாடுவது இதனால்தான்.

இம்மின்கலத்துக்கு மின்னேற்றும்போது, நேர்மின்வாயாகிய உலோக ஆக்சைடிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளிக்கம்பி வழியாகவும், சோடிய அயனிகள் இடையிலுள்ள திரவத்தின் வழியாகவும் எதிர்மின்வாயை அடைகின்றன. அங்கே இரண்டுக்கும் இருப்பிடம் வேண்டும். மின்கலத்தை நாம் பயன்படுத்தும்போது அவை திரும்புகின்றன. கம்பி வழியே திரும்பும் எலெக்ட்ரான்கள் நம் விளக்கை எரிக்கின்றன.

லிதிய மின்கலங்களில் பெரும்பாலும் அவ்விருப்பிடத்தைத் தருவது கிராபைட். அதாவது, ஏடுஏடாக ஒழுங்குற அடுக்கப்பட்ட கரி. சோடியமோ அதனுள் மிகச் சிறிதளவே புகுகிறது. காரணம் யாது?

“லிதிய அயனியின் ஆரம் 0.76 ஆங்ஸ்ட்ராம், சோடிய அயனியின் ஆரம் 1.02. பெரியதாகையால் அது நுழையவில்லை” என்றே நான் பல ஆண்டுகள் வகுப்பில் கூறிவந்தேன். ஒரு நாள் மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, பொட்டாசிய அயனி 1.38 ஆங்ஸ்ட்ராம் ஆயிற்றே! அது மட்டும் கிராபைட்டில் எப்படி நுழைகிறது?” என்று கேட்டாள். விடை கூற இயலாமல் நின்றேன். அன்றிரவு நூல்களைப் புரட்டியபோதுதான் என் பிழை விளங்கிற்று.

உருவம் மட்டுமன்று, ஆற்றலின் வரவுசெலவே இதை முடிவு செய்கிறது. ஏடுகளை விலக்க ஆற்றல் செலவாகிறது. கரியோடு பிணைவதால் வரவு கிடைக்கிறது. லிதியம் கரியோடு வலுவாகப் பிணைகிறது. பொட்டாசியம் தன் எலெக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுக்கிறது. இடையில் நிற்கும் சோடியத்துக்கு இவ்விரு நலன்களும் போதிய அளவில் வாய்க்கவில்லை. அமெரிக்க அறிஞர் காடார்டும் அவர் துணைவரும் 2016ஆம் ஆண்டில் இதைக் கணக்கிட்டுக் காட்டினர்.

ஆயினும் வழி பிறந்தது. 2000ஆம் ஆண்டில் கனடாவில் ஸ்டீவன்ஸ், டான் என்னும் இருவர், குளுக்கோஸ் சர்க்கரையைக் கரியாக்கிப் பெற்ற ‘கடினக் கரி’யை ஆராய்ந்தனர். அதில் ஏடுகள் கோணலாகக் கிடக்கின்றன. இடைவெளி கிராபைட்டில் உள்ளதைவிடப் பெரியது. நடுவே நுண்ணிய குழிகளும் உண்டு. சோடியம் ஏடுகளின் இடையிலும் குழிகளிலும் தங்கிற்று. ஒரு கிராம் கரி ஏறக்குறைய 300 மில்லி ஆம்பியர் மணி மின்னூட்டத்தைச் சேமித்தது. லிதியத்துக்குக் கிராபைட் தரக்கூடிய உச்ச அளவே 372தான்.

மறுநாள் வகுப்பில் முதல் வேலையாக என் பழைய விடையைத் திருத்திக் கூறினேன். ஆசிரியர் சொல்லும் காரணம் பொருத்தமாகத் தோன்றினாலும், அட்டவணையில் அடுத்துள்ள தனிமத்துக்கும் அது பொருந்துகிறதா என்று நீங்களும் கேளுங்கள். அப்படிக் கேட்ட ஒருத்தியால்தான் நான் இதைக் கற்றேன்.