புது மரம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது

பாலக்காட்டுக் கல்பாத்தி என்றால் எல்லாருக்கும் தேர்தான் நினைவுக்கு வரும். ஐப்பசிக் கடைசியில் போகிறவர்கள் தேரைப் பார்த்துவிட்டு, கச்சேரி கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தேர் ஓடும் தெருவில் இரண்டு பக்கமும் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கிற வீடுகளை நின்று பார்ப்பவர்கள் குறைவு. 1425ல் எழுந்ததாகச் சொல்லப்படும் விசுவநாதசுவாமி கோயிலை ஒட்டி, தமிழ்நாட்டிலிருந்து போன குடும்பங்கள் குடியேறிய அக்கிரகாரங்கள் அவை. திண்ணை, ரேழி, கூடம், மித்தம், அடுக்களை, கொல்லை என்று வீட்டின் போக்கெல்லாம் காவிரிக்கரைப் போக்கு. தலைக்கு மேலே இருக்கும் உத்தரமும், கழுக்கோல் என்கிற கூரைக் கைமரமும், மச்சும் மலையாளத்து ஆசாரியின் கைவேலை.

இந்த மாதிரி வீடுகளில் பழைய மரத்தைச் சீர்செய்கிற வேலையைப் பற்றித்தான் இன்று பேசுகிறேன். அதை மதிப்பிட என்னிடம் இருப்பது ஒரே அளவுகோல். வேலை முடிந்த பிறகு வீட்டில் எவ்வளவு பழைய மரம் மிஞ்சியிருக்கிறது? பளபளப்பெல்லாம் அப்புறம்தான்.

மரத்துக்கு முதல் எதிரி தண்ணீர். பாசல் மிஷன்காரர்கள் 1865ல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு கேரளம் முழுக்கப் பரவிய ஓடு நல்ல ஓடுதான். ஆனால் ஒன்று நகர்ந்தாலும் மழைநீர் நேராகக் கழுக்கோலின் முனையில் இறங்கும். முனை உளுத்தால் அடுத்தது உத்தரம். அதனால் இந்த வேலைக்கு முதலில் கூப்பிட வேண்டியவர் ஆசாரி இல்லை, ஓடு மாற்றுகிறவர். கூரை ஒழுக ஒழுகத் தூணுக்குப் பாலிஷ் போட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். காசுக்குப் பிடித்த கேடு.

அடுத்தது காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஒரு பெரிய திறப்பு. ஆடியில் ஈரத்தில் ஊறி உப்பிய மரம், மார்கழி, தை மாதங்களில் கிழக்கேயிருந்து கணவாய் வழியாக வீசும் வறட்டுக் காற்றில் சுருங்கும். வருஷா வருஷம் நடக்கிற இந்தக் கதை பழைய ஆசாரிகளுக்கு அத்துப்படி. ஒரு பழைய கதவைக் கிட்டே போய்ப் பாருங்கள். சட்டத்தில் காடி எடுத்து, பலகையின் விளிம்பை அதற்குள் சும்மா செருகியிருப்பார்கள். பசையும் இல்லை, ஆணியும் இல்லை. பலகை அகலவும் ஒடுங்கவும் அங்கே இடம் இருக்கிறது. இன்றைக்குச் சீர்செய்கிறவர் அந்த இடைவெளியைப் பழுது என்று நினைத்துப் பசையும் மரத்தூளும் குழைத்து அடைத்துவிடுகிறார். அடுத்த தையில் பலகை நடுவில் பிளக்கிறது. பழி மரத்தின் மேல் விழுகிறது.

இந்தக் கலையின் உச்சம் என்று நான் சொல்வது நிலைக்கால் ஒட்டு. கல்படியிலிருந்து ஈரம் ஏறி நிலைக்காலின் அடி ஒரு சாண் உயரம் உளுத்துப்போயிருக்கும். மேலே முழுக்க இரும்பு மாதிரி தேக்கு. அவசரக்காரர் நிலையையே பெயர்த்துப் போட்டுவிடுவார். தெரிந்தவர் உளி முனையால் குத்திக் குத்திப் பார்த்து, கெட்ட மரம் எங்கே முடிகிறது என்று கண்டுபிடிப்பார். அதற்குச் சற்று மேலே நீளச் சாய்வாக அறுப்பார். சாய்வு வெளிப்பக்கமாக இறங்க வேண்டும். உள்ளே இறங்கினால் ஒட்டின் வாயிலேயே தண்ணீர் தேங்கும். ஒட்டுகிற துண்டும் அதே ஜாதி மரம், நார் ஓட்டமும் அதே திசை. நன்றாகக் காய்ந்த மரமாக இருக்க வேண்டும் என்பதால் இடித்த வீட்டு மரத்தைத் தேடிப் போவார்கள். குறுக்கே மரமுளை அடித்து இறுக்கிவிட்டால் தீர்ந்தது.

இந்த ஒட்டு வெளியே தெரியலாமா? தெரியக்கூடாது என்பது நம்மூர்ப் பெருமை. பழைய மரக் கட்டடங்களுக்கென்று, பாரம்பரியச் சின்னங்களுக்கான சர்வதேச அமைப்பான இக்கோமோஸ் 1999ல் வகுத்த நெறிகள், புது மரத்தில் கண்ணை உறுத்தாத ஓர் அடையாளம் செதுக்கவோ சுட்டுப் பதிக்கவோ சொல்கின்றன. நான் அவர்கள் பக்கம். மறைவான இடத்தில் வருஷத்தைப் பொறித்துவிட்டால், பின்னால் வரும் ஆசாரிக்கு எது எப்போது வந்தது என்று தெரியும்.

பெயிண்டைச் சுரண்டுவதில் ஓர் எச்சரிக்கை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2016ல்தான் வந்தது. அதற்கு முந்தைய பூச்சை ஈரமாக்காமல் தேய்த்தால் தூசியில் ஈயம் கலந்து வரலாம். ஈரமாக்கிச் சுரண்டுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். பிறகு பூசும் ஆளிவிதை எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடவும் கூடாது. தானாகவே தீப்பிடிக்கக்கூடும்.

கல்பாத்தியைப் பாரம்பரியக் கிராமமாகக் கேரள அரசு அறிவித்திருக்கிறது. வீட்டை மாற்றிக் கட்ட அனுமதி வேண்டும் என்பதில் குடியிருப்பவர்களுக்குக் குறை உண்டு. அந்தக் குறை நியாயமானதுதான். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் புதுப்பள்ளி மரவீட்டைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி பூட்டி நிறுத்தியிருக்கிறார்கள். கழுந்தும் துளையுமாகச் சேர்ந்த வேலை என்பதால் அது முடிந்தது. ஆனால் அங்கே யாரும் குடியிருக்கவில்லை. கல்பாத்தியில் பாட்டிக்குக் குளியலறை வேண்டும், பேரனுக்கு ஏசி வேண்டும். விதி தெருவைப் பார்த்த முகப்பில் கண்டிப்பாக இருக்கட்டும், கொல்லைப்புறத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கட்டும்.

வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கன அடிக் கணக்கில் வேலை பேசாதீர்கள். புது மரம் ஏற ஏறக் கூலியும் ஏறும் என்றால் எந்த ஒப்பந்தக்காரர் ஒட்டுப் போடுவார்? நாள்கூலி பேசுங்கள். முதல் மழை கழிந்து ஆசாரி ஒருமுறை வந்து பார்ப்பதையும் அதிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். ஆடி மழையில் கதவு இறுகினால் உடனே இழைக்கச் சொல்லிவிடாதீர்கள். தைவரை பொறுத்துப் பார்க்கலாம், பெரும்பாலும் தானாகவே தளர்ந்துவிடும்.